மௌனம் சம்மதமன்று: தொலைவிலுள்ள கணினி தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் முறை

கணினி என்றதும் மேசைமேல் திரையோடும் விசைப்பலகையோடும் அமர்ந்திருக்கும் பொறியே நம்மில் பலருக்கு நினைவில் எழும். ஆயினும், இன்று உலகில் இயங்கும் கணினிகளுள் பெரும்பாலானவற்றுக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை, அருகில் ஆளும் இல்லை. தரவு மையங்களின் அடுக்குகளிலும், சாலை விளக்குகளின் பெட்டிக்குள்ளும், கைப்பேசிக் கோபுரங்களின் அடியிலும், மழையளவு காணும் நிலையங்களிலும், கோள்களுக்கிடையே செல்லும் விண்கலங்களிலும் அவை ஓசையின்றிப் பணிபுரிகின்றன. அவற்றின் மென்பொருளில் குறை காணப்பட்டால், அதற்கான திருத்தம் கம்பி வழியாகவோ வானலை வழியாகவோ அனுப்பப்படுகிறது. இதனையே தொலைவுப் புதுப்பிப்பு என்கிறோம்.

தொலைவுப் புதுப்பிப்பில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. நம் கட்டளையைக் கேட்டு நடக்கும் மென்பொருளையே நாம் மாற்ற முற்படுகிறோம். அம்மாற்றம் பிழைத்துவிட்டால், பிழையைத் திருத்துமாறு நாம் அனுப்பும் அடுத்த கட்டளையைக் கேட்பதற்கு அங்கே செவி இராது. நுனிக்கிளையில் அமர்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுபவனின் நிலைதான் அது. அருகில் இருக்கும் கணினி என்றால் ஒருவர் எழுந்து சென்று பொத்தானை அழுத்தலாம். எட்டாத தொலைவில் இருக்கும் கணினிக்கு அந்த உதவி கிடையாது.

ஆகவே, அத்தகைய கணினி தானே தன் தோல்வியை உணர்ந்து, தானே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மனிதக் கை படாமல் இது எவ்வாறு இயலும் என்பதை இக்கட்டுரையில் படிப்படியாக விளக்குவோம். இதன் உட்கரு மிக எளியது. உலக வழக்கில் மௌனம் சம்மதம் என்போம். தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் கணினியிலோ மௌனம் மறுப்பாகக் கொள்ளப்படுகிறது. புதிய மென்பொருள், 'நான் நலம்' என்று குறித்த காலத்துக்குள் வாய்திறந்து சொல்லாவிட்டால், அது தோற்றதாகவே கருதப்படும்.

செவியிழந்த கலம்

இவ்விடரின் முழு அளவையும் உணர்த்தும் நிகழ்வு செவ்வாய்க் கோளில் நடந்தது. அமெரிக்காவின் நாசா அனுப்பிய வைக்கிங் 1 என்னும் கலம் 1976ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் அங்குத் தரையிறங்கியது. 90 நாள் பணிக்கென வடிவமைக்கப்பட்ட அக்கலம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. காலப்போக்கில் அதன் மின்கலங்களின் திறன் குன்றியது. அவற்றைச் சிறப்பாக மின்னேற்றும் பொருட்டு, 1982 நவம்பரில் புதிய மென்பொருள் புவியிலிருந்து அனுப்பப்பட்டது. நல்ல நோக்கத்தோடு அனுப்பப்பட்ட அந்தப் புதுப்பிப்பு, அலைவாங்கி எத்திசையை நோக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் தரவின்மேல் தவறுதலாக எழுதப்பட்டுவிட்டது. அதன்பின் அக்கலத்திலிருந்து செய்தி வரவில்லை. தொடர்பை மீட்க மேற்கொண்ட முயற்சிகள் பயன் தரவில்லை.

இங்கு நாம் உற்றுநோக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுப்பிப்பின் நோக்கம் மின்னேற்றத்தைப் பற்றியது. ஆனால் சேதமடைந்தது தொடர்பு. தொடர்பு போனபின், தவறு சிறியதா பெரியதா என்னும் வேறுபாடே மறைந்துவிட்டது. எந்தப் பிழையும் திருத்தத்தக்கதே, கேட்பதற்குச் செவி இருக்கும்வரை. ஆதலால், தொலைவில் உள்ள கணினியில் முதலில் காக்கப்பட வேண்டியது, நாம் மீண்டும் சென்றடையும் வழியே ஆகும்.

எழுபத்தெட்டு நிமிடங்கள்

செவ்வாயின் நிகழ்வு நமக்குச் சேய்மையானது எனத் தோன்றலாம். 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், வெள்ளிக்கிழமை, அதே இடர் நம் வாசலுக்கே வந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், தன் மென்பொருள் பயன்படுத்தும் ஒரு சிறு தரவுக்கோப்பினை உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. சிங்கப்பூர், மலேசிய நேரப்படி அப்போது நண்பகல் 12.09. அக்கோப்பினைப் படிக்கும் நிரல் 20 உள்ளீடுகளையே பெற்றிருக்க, கோப்போ 21ஆவது உள்ளீட்டை நாடியது. இல்லாத இடத்தை நிரல் படிக்க முயன்றது. கணினி நிலைகுலைந்து நீலத்திரை காட்டியது.

பிழையை அறிந்த நிறுவனம் 1.27 மணிக்குத் திருத்திய கோப்பினை வெளியிட்டது. இடையே கழிந்தவை 78 நிமிடங்கள். அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. இது உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளுள் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆயினும் வானூர்திகள் தரையில் நின்றன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. சாங்கி விமான நிலையத்தில் சில நிறுவனங்களின் பயணிகள் கையால் எழுதிப் பதிவுசெய்யப்பட்டனர்.

திருத்தம் 78 நிமிடங்களில் வந்தும் துன்பம் பல நாள் நீடித்தது ஏன்? அந்தப் பாதுகாப்பு நிரல், கணினி விழித்தெழும் தொடக்க நேரத்திலேயே இயங்குவது. கணினி எழும், பழுதான கோப்பினைப் படிக்கும், வீழும், மீண்டும் எழும், அதே கோப்பினைப் படிக்கும், மீண்டும் வீழும். இணையத்தோடு இணைந்து திருத்தத்தைப் பெறும் நிலையை அது எட்டவே இல்லை. எனவே, பணியாளர் ஒருவர் ஒவ்வொரு கணினியிடமும் சென்று, அதனைப் பாதுகாப்பு நிலையில் தொடக்கி, அக்கோப்பினைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்த கணினிகளுக்கு நீண்ட மீட்புக் குறியெண்ணையும் தட்டச்சிட வேண்டியிருந்தது. மருந்து ஊருக்குள் வந்துவிட்டது. நோயாளியோ வாய்திறக்கும் நிலையில் இல்லை.

இப்படிப்பினையின் விளைவாக, இயங்குதளம் எழ இயலாத நிலையிலும் திருத்தத்தைத் தொலைவிலிருந்து பெற உதவும் ஓர் ஏற்பாட்டினை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது. இத்தகைய ஏற்பாட்டிற்கு அடிப்படையாக இருக்க வேண்டியவை மூன்று. பழையது அழியாமல் இருத்தல், தோல்வி உணரப்படுதல், வெற்றிக்குச் சான்று கேட்டல் என அவற்றைக் கூறலாம். இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது: பழையது அழியாமல் இருத்தல்

புதிய பாலம் கட்டி முடியும்வரை பழைய பாலத்தை எவரும் இடிப்பதில்லை. கணினியில் மட்டும் பன்னெடுங்காலம் அவ்வாறு நடந்துவந்தது. பழைய மென்பொருள் இருந்த இடத்திலேயே புதியது எழுதப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், பாதி பழையதும் பாதி புதியதுமாக எதற்கும் உதவாத ஒரு கலவை எஞ்சும்.

இதற்குக் கண்ட தீர்வே ஈரறை முறை. சேமிப்பகத்தில் ஒரே அளவுள்ள இரண்டு பிரிவுகள் அமைக்கப்படுகின்றன. அவற்றை 'அ' அறை என்றும் 'ஆ' அறை என்றும் அழைப்போம். கணினி 'அ' அறையிலிருந்து இயங்கிக்கொண்டிருக்கையில், புதிய மென்பொருள் 'ஆ' அறையில் எழுதப்படுகிறது. எழுதி முடித்து, ஒவ்வோர் எழுத்தும் பிசகின்றி வந்துள்ளதா எனச் சரிபார்த்த பின்னரே, 'அடுத்த முறை ஆ அறையிலிருந்து எழுக' என்னும் சிறு குறிப்பு மாற்றப்படுகிறது. அந்த மாற்றம் மிகச் சிறியதாகையால், அது நடந்தது அல்லது நடக்கவில்லை என்னும் இரு நிலைகளே உண்டு. பாதி நடந்தது என்னும் மூன்றாம் நிலைக்கு இடமில்லை. எழுதும்போது மின்சாரம் நின்றாலும் 'அ' அறை தொடப்படாமல் இருக்கும்.

குரோம்புக் மடிக்கணினிகள் இம்முறையில் இயங்குகின்றன. 2016இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 7.0 இதனைத் திறன்பேசிகளுக்குக் கொண்டுவந்தது. நாம் பேசிக்கொண்டும் படம் பார்த்துக்கொண்டும் இருக்கையிலேயே பின்னணியில் புதுப்பிப்பு நடந்து, ஒரு மறுதொடக்கத்தில் முடிவதற்கு இதுவே காரணம். கியூரியாசிட்டி என்னும் செவ்வாய் ஊர்திக்கு நாசா இரண்டு கணினிகளையே வைத்து அனுப்பியது. 2013 பிப்ரவரியில் முதற்கணினியின் நினைவகத்தில் பழுது தோன்றியபோது, இரண்டாம் கணினிக்கு மாறி அது பணியைத் தொடர்ந்தது.

இம்முறைக்கு விலை உண்டு. இயங்குதளத்துக்கு இருமடங்கு இடம் வேண்டும். சிறு சேமிப்பகம் கொண்ட மலிவான கருவிகளில் இது சுமையே. அவற்றில், முழுமையான இரண்டாம் அறைக்கு மாறாக, புதுப்பிப்பைப் பெற்று எழுத மட்டும் தெரிந்த ஒரு சிறு மீட்பு இயங்குதளத்தை வைப்பர். அது செய்யக்கூடிய வேலை ஒன்றுதான். ஆயினும் தொடர்பைக் காக்க அது போதும்.

இரண்டாவது: தோல்வியை உணர்தல்

பழையது பத்திரமாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. புதியது தோற்றது என்பதை யார் கண்டுசொல்வது? தோற்ற மென்பொருள் தன் தோல்வியைத் தானே அறிவிக்கும் என எதிர்பார்க்க இயலாது. மயங்கி விழுந்தவர் 'நான் மயங்கிவிட்டேன்' என்று சொல்வதில்லை. ஆதலால், தோல்வியை உணரும் பொறுப்பு அம்மென்பொருளுக்கு வெளியே இருத்தல் வேண்டும். அப்பொறுப்பை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர்: ஒன்று காவற்கடிகை, மற்றொன்று முயற்சிக் கணக்கு.

காவற்கடிகை என நாம் குறிப்பது ஆங்கிலத்தில் வாட்ச்டாக் டைமர் எனப்படும் வன்பொருளை. நேர்ப்பொருளில் காவல்நாய் என்றே சொல்லலாம். ஆயினும் அதன் வேலை குரைப்பதன்று, காலத்தை எண்ணுவது. குறித்த ஓர் எண்ணிலிருந்து சுழியம் நோக்கி அது எண்ணிக்கொண்டே இருக்கும். நலமாக உள்ள மென்பொருள் அவ்வப்போது அதனைத் தொட்டு, எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கச் செய்யும். மென்பொருள் உறைந்துபோனால் தொடுவார் இல்லை. எண்ணிக்கை சுழியத்தை அடையும். அக்கணமே கடிகை கணினியை வலுக்கட்டாயமாக மறுதொடக்கம் செய்யும். மின்கம்பியைப் பிடுங்கிச் செருகும் கை அங்கு இல்லாத குறையை அது போக்குகிறது.

1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் இதற்குச் சான்று. சில நாள்களில் அதன் கணினி அடிக்கடி மறுதொடக்கம் கொண்டது. முதன்மை வாய்ந்த ஒரு பணி, முதன்மை குறைந்த மற்றொரு பணிக்காகக் காத்துக்கிடந்ததே காரணம். குறித்த வேலை குறித்த நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு ஒவ்வொரு முறையும் கணினியை மீண்டும் எழுப்பியது. அறிவியல் பணி சிறிது தடைப்பட்டதேனும் தொடர்பு அறவில்லை. பொறியாளர்கள் புவியிலிருந்த ஒத்த கணினியில் பிழையை மீண்டும் தோன்றச் செய்து, காரணத்தைக் கண்டறிந்து, திருத்தத்தைத் தொலைவிலிருந்தே அனுப்பினர்.

மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு நுட்பமும் இங்கு உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் எனப்படும் கரு, மீள இயலாத பிழையைச் சந்தித்தால், இயல்பாகவே அப்படியே நின்றுவிடும். பிழைச்செய்தியைத் திரையில் காட்டிக்கொண்டு காலவரையின்றிக் காத்திருக்கும். திரைமுன் அமர்ந்திருப்பவர்க்கு இது பேருதவி; அவர் செய்தியைப் படித்துக் காரணம் அறிவார். எட்டாத இடத்திலுள்ள கணினிக்கோ இது கேடு. அதனால், 'நிலைகுலைந்தால் 10 நொடி காத்திருந்து மறுதொடக்கம் செய்க' என்பது போன்ற அமைப்பினை முன்கூட்டியே தருதல் வேண்டும். அருகிலுள்ள பொறிக்கு ஏற்ற இயல்பு தொலைவிலுள்ள பொறிக்கு ஏலாது.

மறுதொடக்கம் மட்டுமே மீட்சி ஆகிவிடாது. 2004 ஜனவரியில் ஸ்பிரிட் என்னும் செவ்வாய் ஊர்தி, நினைவகக் கோப்பு மேலாண்மையில் நேர்ந்த சிக்கலால், 60 முறைக்கு மேல் எழுந்து எழுந்து வீழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அதே நினைவகத்தைப் படித்தது. அதே முடிவை அடைந்தது. அந்த நினைவகத்தைத் தொடாமல் எழுமாறு பொறியாளர்கள் கட்டளையிட்ட பின்னரே அது நிலைபெற்றது. 2024இன் நீலத்திரைக் கணினிகளும் இதே சுழலில்தான் சிக்கின. ஒரே வழியில் நூறு முறை முயல்வதால் விளைவு மாறிவிடாது. 'இவ்வழியில் இத்தனை முறை முயன்றேன். போதும்' என்று சொல்ல ஒரு கணக்கு வேண்டும்.

மூன்றாவது: வெற்றிக்குச் சான்று கேட்டல்

அக்கணக்கை வைத்திருப்பது தொடக்கி என்னும் சிறு நிரல். கணினி விழித்ததும் முதலில் இயங்கி, இயங்குதளத்தைத் தேடி எழுப்புவது அதன் வேலை. குரோம்புக்கில் ஒவ்வோர் அறைக்கும் மூன்று குறிப்புகள் எழுதப்பட்டிருக்கும்: முன்னுரிமை எவ்வளவு, இன்னும் எத்தனை முயற்சி மீதமுள்ளது, வெற்றி உறுதியானதா. கருவிகளில் பெரிதும் பயன்படும் யூபூட் என்னும் தொடக்கியிலும், பெயர் வேறாயினும், இத்தகைய கணக்கினை அமைத்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். 'ஆ' அறையில் புதிய மென்பொருள் எழுதப்பட்டுவிட்டது. அதற்கு முன்னுரிமை உயர்த்தப்படுகிறது. மூன்று முயற்சிகள் வழங்கப்படுகின்றன. வெற்றிக் குறிப்பு வெறுமையாக விடப்படுகிறது. கணினி மறுதொடக்கம் கொள்கிறது. தொடக்கி முதலில் மூன்றை இரண்டாகக் குறைத்து எழுதுகிறது. அதன்பின்பே 'ஆ' அறையை எழுப்புகிறது. அது உறைகிறது, காவற்கடிகை மறுதொடக்கம் செய்கிறது. இரண்டு ஒன்றாகிறது, மீண்டும் உறைகிறது. ஒன்று சுழியமாகிறது, மீண்டும் உறைகிறது. நான்காம் முறை விழிக்கும் தொடக்கி, முயற்சி மீதமில்லை, வெற்றிக் குறிப்பும் இல்லை எனக் காண்கிறது. 'ஆ' அறையைக் கைவிட்டு 'அ' அறையை எழுப்புகிறது. பழைய மென்பொருள் பணிக்குத் திரும்புகிறது. இதுவே பின்மீட்சி.

இவ்வரிசையில் இரண்டு செய்திகள் உற்றுநோக்கத்தக்கவை. முதலாவதாக, முயற்சி தொடங்குமுன்னரே கணக்கு குறைக்கப்படுகிறது. முயற்சி முடிந்தபின் குறைக்கலாம் என விட்டிருந்தால், உறைந்த முயற்சி 'முடிந்தது' என்னும் நிலையை எட்டாமலே போகும். கணக்கு என்றும் மூன்றாகவே நிற்கும். கணினி சுழலில் சிக்கும். இரண்டாவதாக, தோல்வியை யாரும் எழுதவில்லை. வெற்றி எழுதப்படாமையே தோல்வியாகக் கொள்ளப்பட்டது. தோல்விகள் ஆயிரம் வகைப்படும். அவை அனைத்தையும் முன்னறிந்து பட்டியலிட எவராலும் இயலாது. வெற்றியோ ஒன்றுதான். அந்த ஒன்றுக்குச் சான்று கேட்டால், எண்ணிப் பாராத தோல்வியும் அகப்பட்டுவிடும்.

இக்கருத்து மாணவர்களுக்குப் புதியதன்று. விண்டோஸ் கணினியில் திரையின் அளவை மாற்றும்போது, 'இம்மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?' என்னும் வினா தோன்றி 15 நொடி எண்ணப்படும். விடை தராவிட்டால் பழைய நிலை திரும்பும். மாற்றத்தால் திரையே இருண்டிருந்தால் வினாவைக் காணவும் இயலாது, விடையளிக்கவும் இயலாது என்பதை எண்ணியே இவ்வாறு வகுத்தனர். ஜூனிப்பர் நிறுவனத்தின் இணையத் திசைவிகளில் இதே கருத்து பெரிய அளவில் உள்ளது. பொறியாளர் ஒரு மாற்றத்தைச் செய்து, 'உறுதி செய்யும்வரை தற்காலிகம்' எனக் குறிக்கலாம். வேறு காலம் குறிப்பிடாவிட்டால் 10 நிமிடத்துக்குள் அவர் மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் திசைவி தானே பழைய அமைப்புக்கு மீளும். தம் மாற்றத்தால் தம் தொடர்பையே அறுத்துக்கொண்ட பொறியாளர், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தாலே போதும்.

சான்று எதுவாக இருக்க வேண்டும்?

இவ்வளவும் பொறிநுட்பம். இதற்குமேல் உள்ளது மனிதர் முடிவு செய்ய வேண்டிய வினா: எது நடந்தால் 'வெற்றி' என எழுதலாம்?

இயங்குதளம் எழுந்துவிட்டது என்பதே வெற்றி என வைத்தால் அது மிக எளிய தேர்வு. வலையமைப்பு இயங்காத மென்பொருளும் எழுந்து நிற்கும்; வெற்றி எனத் தானே எழுதிக்கொள்ளும்; நாம் அதனை அடைய இயலாது. காவற்கடிகைக்கும் இது பொருந்தும். கடிகையைத் தொடுவதற்கென்றே தனியாக ஒரு சிறு நிரலை வைத்தால், முதன்மைப் பணி மாண்டபின்னும் அது தொட்டுக்கொண்டே இருக்கும். நோயாளியின் அறையில் வேறொருவர் இருந்து 'நலம்' எனக் குரல் கொடுப்பதற்கு அது ஒப்பாகும்.

அளவிறந்த கடுமையும் ஆகாது. தலைமையகத்தின் வழங்கியோடு பேசி விடை பெற்றால்தான் வெற்றி என விதித்தோம் எனக் கொள்வோம். புதுப்பிப்பு நடக்கும் நேரத்தில் அவ்வழங்கியே ஓய்ந்திருந்தால், நலமாக உள்ள ஆயிரம் கணினிகளும் ஒருசேரப் பின்மீளும். இதற்கு ஒரு வழி உண்டு. பழைய அறைக்குத் திரும்பிய கணினி அங்கிருந்தும் தலைமையகத்தைத் தேடட்டும். பழையதாலும் பேச இயலவில்லை என்றால் குறை மென்பொருளில் இல்லை, வழியில் உள்ளது. பழையது பேசுகிறது, புதியது பேசவில்லை என்றால்தான் புதியது குற்றவாளி.

நல்ல தேர்வு, அக்கணினி எப்பணிக்காக வைக்கப்பட்டதோ அப்பணியைத் தொட்டுப் பார்க்கும். மழையளவு காணும் கருவி ஓர் அளவையாவது எடுத்து அனுப்பியதா? பயணச்சீட்டுப் பொறி ஒரு சோதனைச் சீட்டையாவது கணக்கிட்டதா? இவற்றோடு, 'அடுத்த புதுப்பிப்பைப் பெறும் வழி திறந்துள்ளதா?' என்னும் வினாவையும் சேர்த்தல் இன்றியமையாதது. வைக்கிங் 1 நமக்குக் கற்பித்த பாடம் அது.

பின்மீட்சியின் எல்லைகள்

எல்லாவற்றிலிருந்தும் பின்மீள இயலும் என எண்ணுதல் தவறு. மூன்று எல்லைகளைக் குறிப்பிடுதல் வேண்டும்.

முதலாவது, தரவு. புதிய மென்பொருள் எழுந்ததும் பயனரின் தரவைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிட்டால், பின்மீண்ட பழைய மென்பொருளால் அதனைப் படிக்க இயலாது. மென்பொருள் திரும்பிவிடும், தரவு திரும்பாது. ஆகவே அறிந்தோர் இதனை இரண்டு படியாகச் செய்வர். முதற்புதுப்பிப்பு இரு வடிவங்களையும் படிக்கக் கற்றுக்கொள்ளும், எதையும் மாற்றாது. அது எங்கும் நிலைபெற்றபின் வரும் இரண்டாம் புதுப்பிப்பே வடிவத்தை மாற்றும்.

இரண்டாவது, தொடக்கி. மீட்பவனையே மாற்றும்போது மீட்பார் யார்? தொடக்கிக்கு ஈரறை முறையை வகுத்தாலும், எந்த அறை என்று தேர்ந்தெடுக்கும் ஒரு சிறு நிரல் அதற்கு முன்னே இருந்தாக வேண்டும். அதனை மாற்ற இயலாத நினைவகத்தில் வைப்பதும், இயன்றவரை சிறியதாக எழுதுவதும், அரிதாகவே தொடுவதும் வழக்கம்.

மூன்றாவது, பாதுகாப்பு. பழைய மென்பொருளில் ஓட்டை இருந்ததனால்தான் புதியது வந்தது. எவரும் எப்போதும் பழையதற்குத் திரும்பலாம் என்றால், திருடன் கணினியை வேண்டுமென்றே பின்தள்ளி அந்த ஓட்டையின் வழி நுழைவான். ஆண்ட்ராய்டு இதற்கு ஒரு பதிப்பெண்ணைக் காக்கிறது; அதற்குக் குறைந்த பதிப்பு எழ அனுமதிக்கப்படாது. ஆனால் அந்த எண்ணைப் புதிய அறை வெற்றி பெற்றபின்பே உயர்த்த வேண்டும் என வகுத்துள்ளனர். வெற்றிக்கு முன் உயர்த்தினால் பழைய அறைக்குச் செல்லும் கதவு அடைபடும். திரும்பும் வழியை அடைப்பதற்கும் சான்று வேண்டும் என்பது இதன் பொருள்.

இம்மூன்றோடு, ஒரே நேரத்தில் எல்லார்க்கும் அனுப்பாமை என்னும் நெறியும் சேர வேண்டும். முதலில் சிலவற்றுக்கு அனுப்பி, அவை பேசும்வரை காத்திருந்து, பின்னர் மற்றவற்றுக்கு விரித்தல் நன்று. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் 2024 நிகழ்வுக்குப் பின் இத்தகைய கோப்புகளைப் படிப்படியாக அனுப்பப்போவதாக அறிவித்தது. இங்கும் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. முதலில் பெற்ற நூறு கணினிகளிடமிருந்து குறைகூறல் வரவில்லை என்பது நலத்தின் அடையாளம் ஆகாது. அவை வாயடைத்துக் கிடக்கவும் கூடும். நூறிலிருந்தும் 'நலம்' என்னும் சொல் வந்ததா என்பதே கேள்வி.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவையனைத்தையும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் மாணவர்கள் செய்து பார்க்கலாம். அதில் ட்ரைபூட் என்னும் வசதி உண்டு. வழக்கமான அமைப்புக்கோப்பு ஒன்றும், சோதனைக்கான அமைப்புக்கோப்பு ஒன்றும் அருகருகே இருக்கும். 'இம்முறை மட்டும் சோதனைக்கோப்பிலிருந்து எழுக' எனக் கட்டளையிடலாம். அடுத்த தொடக்கத்தில் அது தானாகவே வழக்கமான கோப்புக்குத் திரும்பிவிடும்.

ஆசிரியர் சோதனைக்கோப்பில் வேண்டுமென்றே ஒரு பழுதை வைக்கட்டும். மாணவர்கள் கட்டளையைத் தந்தால் கணினி எழாமல் நிற்கும். மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் தந்தால் பழைய நிலையில் எழும். அப்போது ஒரு வினா எழுப்பலாம்: 'மின்சாரத்தை நிறுத்தித் தந்தது உங்கள் கை. கை இல்லாத இடத்தில் அதனை யார் செய்வார்?' காவற்கடிகை எதற்கு என்பது அப்போது விளங்கும். அக்கருவியில் அத்தகைய கடிகையும் உள்ளது. ஏறத்தாழ 15 நொடி வரை அதனை எண்ணச் செய்யலாம். அடுத்து, புதுப்பிப்பு எழுதப்படும்போதே மின்சாரத்தை நிறுத்தி, ஓரறை முறையில் என்னவாகும், ஈரறை முறையில் என்னவாகும் என மாணவர்கள் முன்கூட்டியே எழுதிவைத்துப் பின் ஒப்பிடலாம். இறுதியாக, எது வெற்றி என்பதைக் குழுக்களாகப் பிரிந்து அவர்களே வரையறுக்கட்டும். எளிய தேர்வை வைத்த குழுவின் கணினி பேச இயலாமல் எழுந்து நிற்பதையும், கடுமையான தேர்வை வைத்த குழுவின் கணினி காரணமின்றிப் பின்மீள்வதையும் அவர்கள் கண்ணாரக் காண்பர்.

தொலைவில் உள்ள ஒரு கணினிக்குப் புதுப்பிப்பை அனுப்புமுன் நாம் விடை காண வேண்டிய வினாக்கள் மூன்று. இது தோற்றால், திரும்பிச் செல்லப் பழையது அங்கு முழுமையாக உள்ளதா? தோல்வியைத் தோற்றவன் அல்லாத வேறொருவன் உணர்வானா? குறித்த காலத்துக்குள் எச்சொல் வந்தால் வெற்றி எனக் கொள்வோம்? மூன்றுக்கும் விடை இருந்தால் அனுப்பலாம். ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும், அனுப்பும் பொத்தானை அழுத்துமுன், அக்கணினி இருக்கும் இடத்துக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுதல் நலம்.